நகரபிதாவான ஒரு தாய்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)





இத்தகைய மேடைகளிலே வாழ்க்கை வரலாறு கூற முன்வருவோர் பெரும்பாலும் பேரரசர்களையும், படைத் தலைவர்களையும், நாடுகளுக்கு விடுதலை வாங்கித் தந்த பெருந்தலைவர்களையுமே தெரிந்தெடுப்பது வழக்கம். மிசன் கல்லூரிகளிலே படித்த எம்மனோர்க்கு அமெரிக்க வரலாறு என்றாலே வாஷிங்டனும் லிங்கனுமே முதலில் நினைவுக்கு வருவர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டவரோ அவ்வரிசையில் நிற்பவரல்லர். ஐந்நூறு பேர் கூட வாழாத ஒரு சிறு பட்டினத்தில் அவர் நகரபிதாவாக இருந்தார். பதவியில் இருந்தது ஓராண்டு. அந்த ஓராண்டுக்கு அவர் பெற்ற வேதனம் ஒரேயொரு டொலர். பதவியேற்றபோது வயது இருபத்தேழு. நான்கு பிள்ளைகளின் தாய்.

அவர் பெயர் சுசன்னா மடோரா சோல்ற்றர். ஐக்கிய அமெரிக்காவிலே நகரபிதாப் பதவிக்குத் தெரிவாகி, அப்பதவியை வகித்த முதற் பெண்மணி எனப் போற்றப்படுபவர் இவரே.

'நகரபிதா' என்று நாம் வழங்கும் சொல்லையே சற்று நோக்குங்கள். பிதா என்றால் தகப்பன். அப்பதவியிலே ஒரு பெண் அமரக்கூடும் என்ற எண்ணம் இச்சொல்லை ஆக்கியவர் மனத்திலே எழவில்லை. பிற்காலத்திலே 'மாநகர முதல்வர்' என்ற சொல் வழக்கில் வந்தது. அது ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். ஆயினும் இன்றைய பேச்சுக்கு நாம் பழைய சொல்லையே வேண்டுமென்று வைத்துக்கொண்டோம். ஏனெனில், சோல்ற்றர் அம்மையாரின் கதை முழுவதும் அந்தச் சொல்லுக்குள்ளே அடங்கிக் கிடக்கிறது. பிதாக்களுக்கென்றே ஒதுக்கப்பட்டிருந்த நாற்காலியிலே ஒரு தாய் எவ்வாறு அமர்ந்தார் என்பதே அக்கதை.

சுசன்னா 1860 ஆம் ஆண்டு மார்ச் 2 ஆந் திகதி ஒகையோ மாநிலத்திலே பிறந்தார். பெற்றோர் குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினரின் வழிவந்தோர். குவேக்கர்களின் வழிபாட்டுக் கூட்டங்களிலே குருவென்று ஒருவர் தனியே இல்லை. உள்ளத்திலே உணர்வு எழும் எவரும் எழுந்து பேசலாம், பெண்களும் பேசலாம். பெண் சபையிலே வாய் திறப்பது தகாதென்று உலகின் பெரும்பகுதி கருதிய காலத்திலே, அவ்வழக்கத்தை அறிந்த குடும்பத்திலே இப்பெண் வளர்ந்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

அவருக்குப் பன்னிரண்டு வயதாயிருந்தபோது குடும்பம் மேற்கே கன்சாஸ் மாநிலத்துக்குப் பெயர்ந்து, எண்பது ஏக்கர் நிலத்திலே கமஞ் செய்யத் தொடங்கியது. 1878 ஆம் ஆண்டிலே சுசன்னா கன்சாஸ் மாநில விவசாயக் கல்லூரியிற் சேர்ந்தார். கல்வித் தகைமை போதியதாயிருந்தமையால் முதலாம் ஆண்டைத் தாண்டி நேரே இரண்டாம் ஆண்டு வகுப்பிலே அனுமதிக்கப்பட்டார். ஆனால், பட்டம் பெறுவதற்கு ஆறு கிழமைகளே இருந்தபோது நோயுற்றுக் கல்லூரியை விட்டு விலக நேர்ந்தது. அக்கல்லூரியிலேதான் லூயிஸ் அலிசன் சோல்ற்றர் என்பவரைச் சந்தித்தார். லூயிசின் தந்தையார் மெல்வில் சோல்ற்றர் கன்சாஸ் மாநிலத்தின் துணை ஆளுநராக இருந்தவர். 1880 ஆம் ஆண்டிலே திருமணம் நடைபெற்றது. 1882 இலே இளந் தம்பதியர் ஆர்கோனியா என்னும் சிறு பட்டினத்திற் குடியேறினர். கணவர் அங்கே இரும்புச் சாமான் கடையொன்றை நடத்தினார். பின்னர் சட்டமும் படித்தார். 1885 இலே ஆர்கோனியா சட்டப்படி ஒரு நகராக அமைக்கப்பட்டபோது அதன் முதலாவது நகரபிதாவாகத் தெரிவானவர் சுசன்னாவின் தந்தையார் ஒலிவர் கின்சி; முதலாவது நகர எழுதுவினைஞர் சுசன்னாவின் கணவர். ஆகவே, ஊராட்சி விவகாரங்கள் அவ்வீட்டாருக்குப் புதியனவல்ல. ஆயினும் பேசப்பட்ட விவகாரம் ஆண்களின் விவகாரமாகவே இருந்தது.

அக்காலக் கன்சாஸ் மாநிலத்தைப் பற்றி இரண்டு செய்திகளை நாம் அறிந்துகொள்ளல் வேண்டும். அவையின்றி நடந்த கதை விளங்காது.

முதலாவது, மதுவிலக்கு. அமெரிக்க மாநிலங்களுள் மதுவிலக்கைத் தன் அரசியலமைப்பிலேயே முதன்முதலாக எழுதிக்கொண்ட மாநிலம் கன்சாஸ். 1880 ஆம் ஆண்டிலே மக்கள் வாக்களித்து அத்திருத்தத்தை ஏற்றனர். 1881 இலே சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால், தலைநகரிலே எழுதப்படும் சட்டம் ஊரிலே தானாக உயிர் பெறுவதில்லை. ஊர்த் தலைவனும் ஊர்க் காவலனும் கண்ணை மூடிக்கொண்டால் தவறணையின் முன்வாசல் அடைபடும், பின்வாசல் திறந்திருக்கும். கணவன் உழைத்த கூலி அப்பின்வாசலாற் போய்விட, வீட்டிலே அடுப்பு மூளாதிருக்கும் துயரத்தை அனுபவித்தோர் பெண்கள். அவர்கள் 1874 ஆம் ஆண்டிலே 'பெண்கள் கிறித்தவ மதுவிலக்குச் சங்கம்' என்னும் அமைப்பை நிறுவினர். அதன் கிளையொன்று ஆர்கோனியாவிலும் இருந்தது. சோல்ற்றர் அம்மையார் அதன் உத்தியோகத்தருள் ஒருவர்.

இரண்டாவது, வாக்குரிமை. பெண்களுக்கு வாக்குரிமை அளிக்கலாமா என்று 1867 ஆம் ஆண்டிலே கன்சாஸ் வாக்காளரிடம், அதாவது ஆண்களிடம், கேட்கப்பட்டது, முடியாதென்றனர். இருபது ஆண்டுகள் சென்றன. 1887 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்திலே மாநிலச் சட்டசபை, நகர்களில் நடைபெறும் உள்ளூராட்சித் தேர்தல்களில் மாத்திரம் பெண்களும் வாக்களிக்கலாமென ஒரு சட்டம் இயற்றியது. மாநிலத் தேர்தலிலோ சனாதிபதித் தேர்தலிலோ அவர்களுக்கு இடமில்லை. ஆர்கோனியாவின் நகரத் தேர்தலுக்கு நாட் குறிக்கப்பட்டிருந்தது ஏப்பிரல் 4. எனவே, சட்டம் பிறந்து ஒன்றரை மாதமளவிலேயே ஆர்கோனியாப் பெண்கள் முதன்முறையாக வாக்களிக்கப் போகின்றனர்.

மதுவிலக்குச் சங்கப் பெண்கள் இதனை வீணாக்கவில்லை. ஒரு கூட்டங் கூடினர். மதுவிலக்குச் சட்டத்தைச் செவ்வையாக நடைமுறைப்படுத்தக்கூடியவர்கள் எவரெவரென ஆராய்ந்து, கட்சிப் பெயரைப் பாராது ஓர் அபேட்சகர் பட்டியலைத் தயாரித்தனர். அப்பட்டியலில் இருந்தவர் அனைவரும் ஆண்களே என்பதைக் கவனியுங்கள். தமக்கெனப் பதவி எதனையும் அப்பெண்கள் கேட்கவில்லை. நல்ல ஆண்களைத் தெரிவு செய்யும் உரிமை ஒன்றையே பயன்படுத்த முனைந்தனர். அன்று சங்கத் தலைவி வராதபடியால் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் சோல்ற்றர் அம்மையார். மதுவின் பக்கம் நின்ற ஆண்கள் சிலர் அக்கூட்டத்துக்கு வந்து குறுக்கே பேசிக் குழப்ப முயன்றும் அது குழம்பவில்லை.

இது அவர்களுக்குப் பொறுக்கவில்லை. அரசியல் எங்கள் காணி, இதற்குள் பெண்கள் வேலி பிரித்து வருவதா என்று மனம் புழுங்கினர். சுமார் இருபது பேர் ஓர் உணவுச்சாலையின் பின்னறையிலே இரகசியமாகக் கூடி, ஒரு வேடிக்கையான சூழ்ச்சியைச் செய்தனர்.

அந்தச் சூழ்ச்சி எவ்வாறு இயலுமாயிற்று என்பதற்கு அக்காலத் தேர்தல் முறையை அறிதல் வேண்டும். இன்று நாம் தேர்தலுக்கு முன்னே வேட்புமனுத் தாக்கல் செய்கிறோம். அரசாங்கமே வாக்குச்சீட்டை அச்சிடுகிறது. அக்காலத்துக் கன்சாஸிலோ ஒவ்வொரு கட்சியாரும் தத்தம் அபேட்சகரின் பெயர்களைத் தாமே சீட்டிலே அச்சிட்டு வாக்காளருக்குக் கொடுப்பர். வாக்காளர் தாம் விரும்பும் சீட்டைப் பெட்டியிலே போடுவர். அபேட்சகர் முன்கூட்டியே தம் பெயரைப் பதிவு செய்யவேண்டியதில்லை; அவரது சம்மதமுந் தேவையில்லை. அரசாங்கமே அச்சிடும் சீட்டு முறை அமெரிக்க மாநிலங்களிலே 1888 க்குப் பின்னரே படிப்படியாகப் பரவியது.

இந்த இடைவெளியைத்தான் அந்த இருபதின்மர் பயன்படுத்தினர். பெண்கள் தயாரித்த பட்டியலை அப்படியே எடுத்து அச்சிட்டனர். ஒரேயொரு பெயரை மாத்திரம் மாற்றினர். நகரபிதா என்ற பதவிக்கு எதிரே சோல்ற்றர் அம்மையாரின் பெயரைப் போட்டனர். சங்கத்தின் உத்தியோகத்தருள் நகர எல்லைக்குள் வாழ்ந்து, அப்பதவிக்குத் தகுதியுடையவராயிருந்தவர் அவரொருவரே. அவர்கள் போட்ட கணக்கு இது: மதுவிலக்குச் சங்கப் பெண்கள் சிலர் மாத்திரமே இச்சீட்டைப் போடுவர், இருபது வாக்குக் கிடைத்தாலே பெரிது, ஊரெல்லாம் கைகொட்டிச் சிரிக்கும், அந்த வெட்கத்தோடு பெண்கள் வீட்டுக்குள்ளே போய் அடங்கிவிடுவர்.

அன்பர்களே, பெண்களை அடிக்க அவர்கள் தடியை எடுக்கவில்லை, சிரிப்பை எடுத்தனர். தடியால் அடிபட்டவர் நியாயங் கேட்டு வழக்குப் போடலாம், பார்ப்பவர் இரங்குவர். சிரிப்பால் அடிபட்டவர் எங்கே போய் முறையிடுவது? முறையிட்டால் அதற்கும் சிரிப்பர். ஆகையாலேதான் ஒருவரை ஒதுக்கி வைக்க விரும்புவோர்க்கு எந்நாட்டிலும் எக்காலத்திலும் அதுவே வாய்ப்பான ஆயுதமாய் இருந்து வருகிறது.

1887 ஏப்பிரல் 4, திங்கட்கிழமை. காலையிலே வாக்குச் சாவடி திறந்தது. வாக்களிக்க வந்த பெண்கள் தாம் முன்பு தெரிவு செய்திராத பெயரைச் சீட்டிலே கண்டு திகைத்தனர். சோல்ற்றர் அம்மையாருக்கோ இப்படி ஒரு சீட்டு அச்சிடப்பட்டதே தெரியாது. அமெரிக்க இல்லங்களிலே திங்கட்கிழமை துணி வெளுக்கும் நாள். அவரும் வீட்டிலே உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

அவ்வேளையிலே அந்நகரக் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த சிலர் அவர் வீட்டு வாசலுக்கு வந்தனர். நடந்த சூழ்ச்சியைச் சொன்னார்கள். சொல்லிவிட்டு ஒரேயொரு கேள்வி கேட்டார்கள்: தெரிவு செய்யப்பட்டால் தாங்கள் பதவியை ஏற்பீர்களா?

ஏற்பேன் என்றார் அம்மையார்.

இந்த இடத்திலே நாம் சற்றுத் தரித்து நிற்றல் வேண்டும். இரவு முழுவதும் வேடிக்கையாக இருந்த ஒன்று இந்தக் கணத்திலே தேர்தலாக மாறிவிட்டது. மாற்றியது எது? ஒரு கேள்வி. பின்னறையிலே இருந்த இருபது பேரும் அம்மையாரின் பெயரை எடுத்தார்கள், அவரைக் கேட்கவில்லை. வாசலுக்கு வந்தவர்கள் அவரைக் கேட்டார்கள். ஒருவரைக் கேளாமல் அவர் பெயரை எடுப்பது கேலி. அவரிடமே சென்று, செய்வீர்களா என்று கேட்பது மரியாதை. வந்தவர்களுக்கு அதில் அரசியல் இலாபமும் இருந்திருக்கலாம். அதனை நாம் மறுக்கவேண்டியதில்லை. ஆயினும் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டவர்கள் அவர்களே.

அம்மையாரின் விடையும் எண்ணத்தக்கது. கையிலே சவர்க்கார நுரை; வீட்டிலே நான்கு பிள்ளைகள்; யோசிக்க ஒரு நாள் தாருங்கள் என்று கேட்கவும் அவகாசமில்லை. எள்ளி நகையாடுவதற்காக நீட்டப்பட்ட பதவி அது என்பதை அறிந்தும் அவர் அதனை ஏற்றார். மனம் நொந்து கதவைச் சாத்தியிருந்தால் அந்த இருபது பேரும் தாம் நினைத்ததை முடித்திருப்பர்.

அதன்மேல் ஊர் விழித்துக்கொண்டது. குடியரசுக் கட்சியினர் வீடு வீடாகச் சென்றனர். மதுவிலக்குச் சங்கப் பெண்கள் தாம் முன்பு நகரபிதாப் பதவிக்குத் தெரிந்த ஆணைக் கைவிட்டு அம்மையாருக்கே வாக்களிப்பதென முடிவு செய்தனர். ஒரு பகற் பொழுதுக்குள்ளே எடுத்த முடிவு இது. அவர் கணவர் லூயிஸ் காலையிலே வாக்களிக்கச் சென்றவிடத்துச் சீட்டிலே மனைவியின் பெயரைக் கண்டு சினந்தார். வீடு வந்து, மனைவி பதவியை ஏற்கச் சம்மதித்தார் என்று கேட்டபோது சினம் இன்னும் மிகுந்தது என்பர். பிற்பகல் நான்கு மணியளவிலே அம்மையார் தம் பெற்றோருடன் சாவடிக்குச் சென்று வாக்களித்தார். நகரபிதாப் பதவிக்கு மாத்திரம் அவர் வாக்களிக்கவில்லை. தமக்குத் தாமே வாக்களிப்பதை அவர் விரும்பவில்லை.

மாலையிலே வாக்குகள் எண்ணப்பட்டன. இருபது வாக்கு என்று கணக்கிட்ட இடத்திலே, போடப்பட்ட வாக்குகளுள் மூன்றில் இரண்டு பங்கு அம்மையாருக்கு விழுந்திருந்தது. பெண்கள் மாத்திரம் வாக்களித்து இந்தத் தொகை வந்திராது. அவ்வூர் ஆண்களுள்ளும் கணிசமானோர் அந்தக் கேலியிலே பங்கெடுக்க மறுத்தனர் என்பதற்கு இத்தொகையே சாட்சி. கணவரின் சினமும் பின்பு தணிந்தது. நகரபிதாவின் கணவர் என்று தம்மைத் தாமே வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வாராம்.

செய்தி தந்தி வழியாகப் பரவியது. அமெரிக்கப் பத்திரிகைகள் மாத்திரமன்றி, சுவீடன், தென் ஆபிரிக்கா போன்ற தூர தேசப் பத்திரிகைகளும் இதனை எழுதின. பாராட்டுக் கடிதங்களும் வந்தன. நையாண்டிக் கடிதங்களும் வந்தன. காற்சட்டையின் படத்தைக் கீறி, அதன் கீழே கேலிச் செய்யுள் எழுதி அனுப்பியவரும் உண்டு. மதுவிலக்குச் சங்கத்தின் தேசியத் தலைவியாகிய பிரான்சிஸ் வில்லாட் அம்மையார் வாழ்த்துக் கடிதம் எழுதினார். ஒரு பெண்ணின் ஆட்சியிலே ஊர் என்ன பாடுபடும் என்று பார்க்க உலகம் வேலியோரம் வந்து நின்றது எனலாம்.

நடந்தது என்ன? முதற் கூட்டத்திலே அம்மையார் நகரசபை அங்கத்தவரைப் பார்த்து, இந்நகரின் முறைப்படி தெரிவான பிரதிநிதிகள் நீங்கள், நான் உங்கள் கூட்டத்துக்குத் தலைமை வகிப்பவள் மாத்திரமே, உங்கள் விருப்பம் யாதென்று கூறுங்கள் என்ற கருத்துப்படப் பேசினார். சபை ஒழுங்குமுறைகளை அவர் நன்கறிந்திருந்தார். நியூயோர்க்கிலிருந்து 'சன்' பத்திரிகையின் நிருபர் ஒருவர் அவ்வளவு தூரம் பயணஞ் செய்து வந்து ஒரு கூட்டத்தைப் பார்த்து எழுதினார். அம்மையார் அணிந்திருந்த உடையையும் தொப்பியையும் விரிவாக வருணித்த அவர், கூட்டத்தை அம்மையார் திறமையாக நடத்தினார் என்பதையும் எழுதாமலிருக்க முடியவில்லை.

அந்த ஆண்டிலே பெரும் புரட்சி எதுவும் நிகழவில்லை. அனுமதிப்பத்திரமின்றி வண்டி ஓட்டிய வண்டிக்காரர் இருவரும், ஆளில்லா வீட்டுக்குக் கல்லெறிந்த சிறுவர் சிலரும் பிடிபட்டனர். குறிப்பிடத்தக்க குற்ற விவகாரங்கள் அவ்வளவே என்பர். பதவியிலிருந்த காலத்தில் அம்மையாருக்கு இன்னுமொரு குழந்தை பிறந்து, பச்சிளம் பருவத்திலேயே இறந்தது. அந்தத் துயரத்தையும் தாங்கிக்கொண்டு பதவிக் காலத்தை நிறைவு செய்தார். ஓராண்டு முடிந்ததும் மீண்டும் போட்டியிட விரும்பவில்லையென்று கூறி வீடு திரும்பினார்.

அந்த ஆண்டின் இலையுதிர் காலத்திலே, நியூற்றன் நகரிலே நடைபெற்ற கன்சாஸ் பெண்கள் வாக்குரிமைச் சங்க மாநாட்டுக்கு அவர் அழைக்கப்பட்டார். பெண்கள் வாக்குரிமைக்காக வாழ்நாளெல்லாம் உழைத்த சூசன் பீ. அந்தனி அம்மையாரும் அம்மேடையிலே இருந்தார். நகரபிதா என்று அறிமுகஞ் செய்யப்பட்ட இளம் பெண்ணை அவர் தோளிலே தட்டி, நீயும் மற்றப் பெண்களைப் போலத்தானே இருக்கிறாய் என்று வியந்தாராம். அது வேடிக்கையாகச் சொல்லப்பட்ட வார்த்தையாயினும், அதற்குள்ளே ஒரு பெரிய உண்மை அடங்கியிருந்தது. பதவி வகித்த பெண்ணுக்குக் கொம்பும் முளைக்கவில்லை; மீசையும் முளைக்கவில்லை.

1893 இலே ஒக்லகோமாப் பிரதேசத்திலே புதிய நிலங்கள் குடியேற்றத்துக்குத் திறக்கப்பட்டபோது சோல்ற்றர் குடும்பம் அங்கே பெயர்ந்தது. கணவர் வழக்கறிஞராகத் தொழில் புரிந்ததோடு ஒரு பத்திரிகையும் நடத்தினார். 1916 இலே காலமானார். அம்மையார் பின்பு நோமன் என்னும் பல்கலைக்கழக நகரிலே வாழ்ந்தார். ஒன்பது பிள்ளைகளைப் பெற்ற அவர் அரசியலை நாடாவிடினும் அக்கறையோடு கவனித்து வந்தார். ஆர்கோனியா மக்கள் 1933 இலே, அவர் உயிரோடிருக்கும்போதே, ஊரின் பொதுச் சதுக்கத்திலே அவர் பெயரால் ஒரு வெண்கலப் பட்டயம் நிறுவினர். 1961 மார்ச் 17 ஆந் திகதி, நூற்றொரு வயது நிரம்பிப் பதினைந்தாம் நாள், அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் உடல் ஆர்கோனியாவிலேயே அடக்கஞ் செய்யப்பட்டது. அங்கே அவர் வாழ்ந்த வீடு பின்னாளிலே வரலாற்றுச் சின்னமாகப் பதிவு செய்யப்பட்டுப் பேணப்படுகிறது.

பெரியோர்களே, இவ்வரலாற்றைக் கேட்கும் ஒருவர் இங்கே ஒரு தடை எழுப்பலாம். எதிர்பாராமற் கிடைத்த பதவி, ஓராண்டுக்குள் விட்டுச் சென்ற பதவி, பெரிய சாதனை ஒன்றுமில்லை. இதனை ஏன் ஒரு மேடையிலே எடுத்துப் பேசவேண்டும் என்று அவர் கேட்கலாம். நியாயமான தடைதான்.

இதற்கு நாம் கூறும் விடை இதுவாகும். பெண் ஆண்டால் ஊர் கெடும் என்பது அக்காலத்தவரின் வாதம். அவ்வாதத்தை வீழ்த்துவதற்கு அம்மையார் ஊரைப் பொன்னுலகாக்கிக் காட்டவேண்டியதில்லை. ஊர் கெடாமலிருந்தாற் போதும். கூட்டம் உரிய நேரத்திலே கூடியது, கணக்கு ஒழுங்காயிருந்தது, சட்டம் நடந்தது, பிள்ளைகள் பசியால் வாடவில்லை. 'விசேடம் ஒன்றுமில்லை' என்று எழுதக்கூடிய ஓராண்டே அவர் அளித்த விடை. அதனைக் கண்ணாற் கண்ட அயலூர்கள் துணிவு பெற்றன. அடுத்த ஆண்டு, 1888 இலே, அதே மாநிலத்து ஒஸ்கலூசா நகரம் மேரி லோமன் என்னும் பெண்மணியை நகரபிதாவாகவும், சபை அங்கத்தவர் அனைவரையும் பெண்களாகவுமே தெரிவு செய்தது. ஆர்கோனியாவிலே கேலியாக அச்சிடப்பட்டதை ஒஸ்கலூசா வாக்காளர் தெரிந்தே செய்தனர்.

ஆயினும் உண்மையைக் குறைவின்றிச் சொல்லல் வேண்டும். ஒரு நல்ல உதாரணத்தால் உலகம் உடனே திருந்திவிடவில்லை. 1894 இலே முழு வாக்குரிமை பற்றிக் கன்சாஸ் ஆண்களிடம் மறுபடியும் கேட்கப்பட்டபோது மறுபடியும் மறுத்தனர். 1912 இலேதான் ஒப்புக்கொண்டனர். அமெரிக்கா முழுவதும் பால் வேறுபாட்டால் வாக்குரிமை மறுக்கப்படலாகாது என்ற அரசியலமைப்புத் திருத்தம் 1920 இலேதான் வந்தது. நகரபிதாவாக இருந்த சோல்ற்றர் அம்மையார் தம் நாட்டின் சனாதிபதித் தேர்தலிலே வாக்களிக்க அறுபது வயது வரை காத்திருக்கவேண்டியிருந்தது.

நமது நாட்டிலே ஆண், பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை 1931 இலே கிடைத்தது. உள்ளூராட்சிச் சபைகளிலே நூற்றுக்கு 25 வீதம் பெண்களுக்கு ஒதுக்கும் சட்டத்தின்படி 2018 ஆம் ஆண்டிலே தேர்தல் நடைபெற்றது. பதவியை ஏற்றதன் விலையை நம்மவர் அறியாதவருமல்லர். யாழ்ப்பாண மாநகர முதல்வராகத் தெரிவான முதற் பெண்மணி சரோஜினி யோகேஸ்வரன் அம்மையார் 1998 இலே பதவியேற்றுச் சில மாதங்களுக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். ஆர்கோனியாவிலே எதிர்நின்றது கேலி. அவ்வம்மையார்க்கு எதிர்நின்றது துப்பாக்கி. இரண்டையும் ஒன்றென்று நாம் கூறவில்லை. ஒரு பெண் பொதுப்பணிக்கு வரும்போது அவள் எதிர்கொள்வன எவை என்பதை இளைஞர் உலகம் உணரவேண்டும் என்பதற்காகவே கூறினோம்.

பாண்டி நாட்டிலே சைவந் தழைக்கத் திருஞானசம்பந்தரை வரவழைத்த மங்கையர்க்கரசியாரை அறுபத்துமூவருள் ஒருவராக வைத்து வணங்கும் சமயம் நம்முடையது. இறைவனின் திருமேனியிலே ஒரு பாதியை அம்மைக்கு அளித்துப் பாடும் மரபு நம்முடையது. ஆயின் நமது சங்கங்களிலே நிகழ்வது யாது? யாப்பின்படி பெண் அங்கத்தவர்க்கும் வாக்குண்டு. விழா வந்தாற் கோலம் போடுதல், மாலை கட்டுதல், பிரசாதம் பகிர்தல் ஆகியன அவர்களிடம் ஒப்படைக்கப்படுகின்றன. செயற்குழுத் தெரிவின்போது பின்வரிசையிலிருந்து யாரேனும் ஒருவர் வேடிக்கையாக ஒரு பெண்ணின் பெயரைச் சொல்வார். மண்டபத்திலே சிரிப்பொலி எழும். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொள்வாள். அடுத்த பெயருக்குப் போய்விடுவோம். அந்தச் சிரிப்பொலிக்கும் ஆர்கோனியாவின் பின்னறைக்கும் உள்ள தூரம் மிகச் சிறிது.

ஆகவே, இளைஞர்களிடம் நாம் வேண்டுவது, விளையாட்டுக்காக ஒரு சகோதரியின் பெயரைச் சபையிலே எடுக்காதீர்கள் என்பதே. எடுப்பதாயின் முதலில் அவரிடமே சென்று, தெரிவு செய்தால் ஏற்பீர்களா என்று கேளுங்கள். அவர் ஏற்பதாகச் சொன்னால் வீடு வீடாகச் சென்று வாக்குக் கேளுங்கள். பெரியோர்களே, உங்களுக்கு நாம் புத்தி கூற வரவில்லை. ஆர்கோனியாவிலே அந்தக் காலைப் பொழுதில் வாசலுக்கு நடந்து சென்றவர்கள் ஊரிலே செல்வாக்குடையோர் என்பதை மாத்திரம் நினைவூட்டுகிறோம். அவர்கள் நடந்திராவிட்டால் கேலி கேலியாகவே முடிந்திருக்கும்.

சகோதரிகளே, உங்கள் பெயரைச் சொல்லி எவரேனும் சிரித்தால், சிரித்தவரின் நோக்கத்தை ஆராய்ந்து மனம் நோவதிலே காலத்தைக் கழிக்காதீர்கள். செய்யவேண்டிய பணி எது, அதனைச் செய்ய நம்மால் இயலுமா என்பதை ஆராயுங்கள். இயலுமென்று கண்டால், ஏற்பேன் என்று சொல்லுங்கள். கையிலே சவர்க்கார நுரை இருப்பது அதற்கு ஒரு தடையாகாது.